பழைய ஜெர்மன் கார்களின் டூல்ஸ் பை: கம்பெனி கொடுத்தது எது, பின்னால் சேர்ந்தது எது?

வாசகர் கேள்வி, 5 செப்டம்பர்

டுசெல்டார்ஃப் பக்கம் 1956 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பின்கண்ணாடி ஓவல். விற்பவர் ஸ்டெப்னியின் நடுவில் உட்கார்ந்திருக்கும் வட்டமான ஹாசெட் டப்பாவைக் காட்டி, "இது ஃபேக்டரியிலிருந்தே காரோடு வந்தது" என்று அதற்குத் தனி விலை கேட்கிறார். அந்தக் காலத்து பீட்டில் எல்லாவற்றிலும் இது இருந்ததாமே, உண்மையா?

5 செப்டம்பர், இரவு

உண்மை இல்லை. அந்த வட்ட டப்பாவின் பெயர் ஹாசெட் டூரிஸ்ட். 1950களிலும் 60களிலும் ஹாசெட் என்ற ஜெர்மன் டூல்ஸ் கம்பெனி தனியாக விற்ற பொருள் அது. கார் வாங்கியவர் விருப்பப்பட்டால் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். ஸ்டெப்னியின் நடுவில் வீணாகக் கிடக்கும் குழியில் கச்சிதமாக உட்காரும்படி செய்திருந்தார்கள், அதுதான் அதன் அழகு. இன்றைக்கு பீட்டில்காரர்கள் அதற்காக அடித்துக்கொள்கிறார்கள். நல்ல நிலையில் இருந்தால் நல்ல விலைக்குத்தான் போகும். ஆகவே விலை கேட்பது தவறில்லை. "ஃபேக்டரியிலிருந்து வந்தது" என்பதுதான் தவறு.

காரோடு வந்தது வேறு: பானெட்டுக்கு அடியில் ஸ்டெப்னி பக்கமாகச் சொருகி வைத்த சாதாரணப் பை. ஜாக்கி, வீல் ஸ்பேனர், வீல் கப்பைப் பிடுங்க வளைந்த கம்பிக் கொக்கி, பிளக் ஸ்பேனரும் அதைத் திருப்பும் கம்பியும், ஒரு பிளையர், ஸ்க்ரூடிரைவர், இரண்டு பக்கமும் வாய் உள்ள ஸ்பேனர். அந்தப் பை எங்கே என்று அவரிடம் கேளுங்கள்.

6 செப்டம்பர்

நேற்று அவசரமாக எழுதியதில் விட்டுப்போனது. பையைக் கேட்டால் பெரும்பாலும் "அது எப்போதோ போய்விட்டது" என்றுதான் பதில் வரும். அதற்காக அந்தக் காரை விட்டுவிட வேண்டாம். அறுபது, எழுபது வருடத்தில் நாலைந்து கை மாறிய காரில் முதலில் காணாமல் போவது டூல்ஸ்தான். யாரும் திருடியிருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் வீட்டில் சைக்கிளுக்கு ஸ்பேனர் தேவைப்பட்டிருக்கும், எடுத்திருப்பார்கள், திரும்பக் காரில் வைத்திருக்க மாட்டார்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் மட்டும் பொதுவாகத் தப்பித்துவிடும், வேறு எதற்கும் உதவாது என்பதால்.

7 செப்டம்பர்

"ஸ்பேனர் ஸ்பேனர்தானே, கடையில் புதிது வாங்கிப் போட்டால் ஆகாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்கு ஆகும். ஆனால் பழைய பையில் ஒவ்வொரு டூலும் ஏன் இருக்கிறது என்று பார்த்தால்தான் அந்தக் காரே புரியும். பீட்டிலை வைத்தே சொல்கிறேன்.

பீட்டிலில் எஞ்சினைக் குளிரவைக்கும் ஃபேன், பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவின் அச்சிலேயே இருக்கிறது. ஃபேன் பெல்ட் அறுந்தால் சார்ஜும் போய்விடும், குளிர்ச்சியும் போய்விடும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். "பேட்டரியில் கொஞ்சம் தெம்பு இருக்கிறது, வீடு வரை போய்விடலாம்" என்று ஓட்டினால் எஞ்சின் வெந்துவிடும். அங்கேயே நிறுத்திப் பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். ஆகவே சாலை ஓரத்தில் காரின் சொந்தக்காரரே இதைச் செய்ய முடிகிற மாதிரி பையைக் கட்டினார்கள்.

செய்முறை இதுதான். டைனமோ புல்லி இரண்டு தட்டுகளாகப் பிரியும். உள்தட்டின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். ஸ்க்ரூடிரைவரை அந்த வெட்டில் சொருகி, டைனமோவின் போல்ட் தலையில் முட்டுக் கொடுத்தால் புல்லி சுற்றாது. நடு நட்டு 21 மில்லிமீட்டர் அளவு. பிளக் ஸ்பேனரும் அதே 21 அளவு. பிளக் கழற்றக் கொடுத்த ஸ்பேனரே பெல்ட்டையும் மாற்றிக் கொடுக்கிறது. நட்டைக் கழற்றினால் வெளித்தட்டு கையோடு வரும். பழைய பெல்ட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டியதுதான். இறுக்கத்தைச் சரிசெய்வது இரண்டு தட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வாஷர்கள். நடுவில் வாஷரைக் குறைத்தால் தட்டுகள் நெருங்கும், பெல்ட் மேலேறி இறுகும். மிஞ்சுகிற வாஷரைத் தூக்கிப் போடாமல் வெளித்தட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் வைத்துவிட வேண்டும், அடுத்த முறைக்கு வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் சுமார் 15 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்க்ரூடிரைவர், பிளக் ஸ்பேனர், கம்பி. மூன்று டூலில் இந்த வேலை முடிகிறது. வடிவமைத்தவர்கள் காரையும் பையையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இந்தப் பைகளின் மேல் எனக்குப் பிடிப்பு வந்ததே இந்த ஒரு வேலையைப் பார்த்துத்தான்.

7 செப்டம்பர், பிறகு

ஒரு எச்சரிக்கை. கடையில் வாங்கும் மலிவான ஸ்க்ரூடிரைவரின் நுனி அந்த வெட்டில் சில சமயம் சரியாக உட்காராது. வழுக்கினால் புல்லியின் விளிம்பு நசுங்கும், நசுங்கிய விளிம்பு பெல்ட்டை அறுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்தப் பழைய கெட்டி ஸ்க்ரூடிரைவரைத் தேடிப் பிடியுங்கள் என்கிறேன்.

11 செப்டம்பர்

ஸ்பேனர் அளவு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இது கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டிய விஷயம்.

இன்றைக்கு 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால் அதன் தலை, அதாவது ஸ்பேனர் பிடிக்கும் அகலம், 13 மில்லிமீட்டர். பழைய ஜெர்மன் வழக்கில் அதே போல்ட்டின் தலை 14. 1950களின் பீட்டிலிலும் போர்ஷே 356-லும் 14 தலைகள் நிறைய இருக்கும். 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இன்று 8, அன்று 9. அதனால்தான் பழைய பைகளில் 9-ம் 14-ம் வாய் வைத்த ஸ்பேனர்கள் வருகின்றன. "இந்த 9 எதற்கு, எங்கேயும் பொருந்தவில்லையே" என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஜெர்மன்காரர்கள் வெகுகாலம் 17 தலையே வைத்திருந்தார்கள், பின்னால் வந்த ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரநிலையின் அளவு 16. 12 மில்லிமீட்டருக்கு 19, பிறகு 18. ஆகவே ஸ்பேனரில் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்தே அது எந்தக் காலத்துப் பையில் இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். 16-ம் 18-ம் வாய் உள்ள ஸ்பேனரை "1955 பையிலிருந்து எடுத்தது" என்று யாராவது விற்க வந்தால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

இன்னொரு அடையாளம் டி.ஐ.என். 895. இரட்டை வாய் ஸ்பேனருக்கான பழைய ஜெர்மன் தரநிலை அது. பிறகு 3110 என்ற எண் அதன் இடத்துக்கு வந்தது. ஸ்பேனரில் 3110 என்று இருந்தால் அது பின்னாளில் செய்தது.

12 செப்டம்பர்

எண் பேச்சு வந்ததும் இது ஞாபகத்துக்கு வந்தது. இணையத்தில் ஒருவர் ஆலன் கீ (அறுகோணக் குழி உள்ள திருகைத் திருப்பும் வளைந்த கம்பி) செட் ஒன்றை "போர்ஷே 911 ஒரிஜினல்" என்று போட்டிருந்தார். ஆதாரமாக உறையின் மேல் "டி.ஐ.என். 911" என்று அச்சடித்திருப்பதைப் படம் பிடித்துக் காட்டினார். 911 என்பது ஆலன் கீக்கான தரநிலை எண். எந்தக் கடையில் எந்த ஆலன் கீ வாங்கினாலும் அந்த எண் வரலாம். காருக்கு 911 என்று பெயர் வந்த கதையே வேறு: முதலில் 901 என்றுதான் வைத்தார்கள், நடுவில் பூஜ்ஜியம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் எங்களுடையவை என்று பிரெஞ்சு கார் கம்பெனி பெஜோ ஆட்சேபித்ததால் 1964-ல் மாற்றினார்கள். ஆலன் கீ தரநிலைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விற்பவர் ஏமாற்ற நினைத்தாரா, தெரியாமல் போட்டாரா என்று நான் சொல்ல மாட்டேன். வாங்குபவர் தெரிந்துகொள்ளட்டும்.

20 செப்டம்பர்

"கார் கம்பெனியின் பெயர் டூலில் இல்லையே, அப்படியென்றால் டூப்ளிகேட்தானே?" இல்லை, அப்படி முடிவு கட்ட முடியாது. இந்த டூல்களை பெரும்பாலும் கார் கம்பெனிகள் செய்யவில்லை, வெளியே வாங்கின. அதுவும் பெரும்பாலும் ஒரே வட்டாரத்திலிருந்து: ரெம்ஷைட், வுப்பர்டால், அதைச் சுற்றியிருக்கும் மலைப்பாங்கான பகுதி. ஓடைத் தண்ணீரில் சம்மட்டி ஓட்டி இரும்படித்த ஊர்கள் இவை. பக்கத்தில் ஜோலிங்கன் கத்திக்குப் பெயர் வாங்கியது, ரெம்ஷைட் ஸ்பேனருக்கும் அரத்துக்கும்.

ஹாசெட் 1868-ல் ரெம்ஷைட்டில் ஹெர்மன் ட்செர்வர் தொடங்கியது. கெடோரே 1919-ல் டோவிடாட் சகோதரர்கள் தொடங்கியது, அதனால்தான் பல ஸ்பேனர்களில் டோவிடாட் என்று பார்க்கிறோம். ஹேய்கோவும் ரெம்ஷைட்தான். பிளையரில் க்னிபெக்ஸ் என்று இருந்தால் வுப்பர்டால், 1882-லிருந்து. ஜாக்கி என்றால் பில்ஷ்டைன். இன்று ஷாக் அப்சார்பருக்குப் பெயர் போன அதே பில்ஷ்டைன்தான், என்னெபெட்டால் ஊர்க்காரர்கள்.

ஒரே மாடல் காருக்கும் எல்லாக் காலத்திலும் ஒரே சப்ளையர் இருந்ததில்லை. ஆகவே உங்கள் பையில் ஒரு ஸ்பேனர் ஹேய்கோ, இன்னொன்று டோவிடாட் என்று இருந்தால் கலப்படம் என்று பதற வேண்டாம். பென்ஸில் மட்டும் பல டூல்களில் நட்சத்திரம் அடித்திருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லாக் காரிலும் முத்திரையைத் தேடுகிறார்கள்.

ரெம்ஷைட்டில் ஹாஸ்டன் பகுதியில் ஜெர்மன் டூல்ஸ் மியூசியம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்குங்கள். ஒரு ஸ்பேனரைச் சம்மட்டி அடியில் எப்படி உருவாக்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்தால், பிறகு சந்தையில் உங்கள் கண் வேறு மாதிரி பார்க்கும்.

22 செப்டம்பர்

மேலே சொன்னதன் தொடர்ச்சி. ஒரிஜினலையும் இன்று செய்யும் நகலையும் எப்படிப் பிரிப்பது?

முதலில் எழுத்தைப் பாருங்கள். பழையதில் எழுத்தை அச்சால் அடித்திருப்பார்கள். அடித்த இடத்தில் விளிம்பு லேசாகப் பிதுங்கியிருக்கும், ஆழம் ஒரே சீராக இருக்காது. நகலில் சில சமயம் லேசரால் செதுக்கியிருப்பார்கள், அடி தட்டையாக, விளிம்பு மழுமழுவென்று இருக்கும். அடுத்து ஸ்பேனரின் பக்கவாட்டு. அச்சில் அடித்துச் செய்ததில் இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடும், அதைத் தேய்த்துச் சமன் செய்த தடம் தெரியும். வார்த்தெடுத்ததில் சொரசொரப்பாக இருக்கும், கையில் எடுத்தால் கனமும் சரியாக இருக்காது.

மூன்றாவது மேல்பூச்சு. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பழைய டூல்கள் பல பளபளப்பாக இருந்ததே இல்லை. கறுப்பு பாஸ்பேட் பூச்சு, அல்லது மங்கலான முலாம். கண்ணாடி மாதிரி மின்னும் குரோமிய ஸ்பேனர் 1950களின் பீட்டில் பையில் இருந்தால் அது பின்னால் யாரோ சேர்த்தது, அல்லது யாரோ மறுபடி முலாம் பூசியது.

23 செப்டம்பர்

மறுபடி முலாம் பூசுவது பற்றி. தயவுசெய்து செய்யாதீர்கள். துரு இருந்தால் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்துப் பித்தளை பிரஷ் போடுங்கள், துடைத்து எண்ணெய் தடவுங்கள். இங்கே எல்லோரும் பலிஸ்டோல் தடவுவார்கள், 1904-லிருந்து இருக்கிற எண்ணெய், நாற்றம் பழகிவிடும். அமிலத்தில் போட்டால் துரு சட்டென்று போகும், ஆனால் கடினப்படுத்திய எஃகு அமிலத்தில் கிடந்தால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து நொறுங்கும் தன்மை வந்துவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கும், அழுத்தம் கொடுக்கும்போது வாய் உடையும். எமரி பேப்பர் போட்டால் அடித்த எழுத்து மறையும், எழுத்து மறைந்தால் அதன் வயதைச் சொல்ல எதுவும் மிஞ்சாது. மஞ்சளாக மினுங்கும் பழைய முலாம் காட்மியமாக இருக்க வாய்ப்புண்டு, அதைத் தேய்த்துத் தூசி கிளப்புவது உடம்புக்கு ஆபத்து.

ஒரு சொந்த அனுபவம். நல்ல நிலையில் இருந்த பென்ஸ் பிளையர் ஒன்றை மெருகேற்றக் கொடுத்தேன். "லேசாகச் சுத்தம் செய்தால் போதும்" என்று எழுதியே கொடுத்தேன். பட்டறையில் மெஷினில் போட்டுத் தேய்த்து, நட்சத்திரம் இருந்த இடத்தில் நிழல் மாதிரி ஒரு தடம் மட்டும் வைத்து, மின்னமின்னத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போதும் காரில் வைத்திருக்கிறேன், வேலை செய்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது.

2 அக்டோபர்

போர்ஷே 356 வைத்திருக்கும் நண்பர் கேட்டதற்கு.

356-ன் எஞ்சின் அமைப்பு பீட்டிலின் வழி வந்தது, ஆகவே பையின் தர்க்கமும் அதேதான்: பெல்ட், பிளக், சக்கரம். கூடுதலாக டயரின் காற்றைப் பார்க்க மெஸ்கோ கேஜ் வரும். அது தனியாகக் கிடைத்தாலே சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள். ஆரம்பகால 356-களில் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளே கிடையாது, கோடு போட்ட மரக்குச்சியை டாங்கில் விட்டுப் பார்த்தார்கள். அந்தக் குச்சி இன்று காணக் கிடைப்பது அரிது. குச்சி உடையும், தொலையும், அடுப்புக்குக்கூடப் போயிருக்கும்.

பில்ஷ்டைன் ஜாக்கியில் செய்த தேதி அடித்திருக்கும். பழைய கார் கண்காட்சிப் போட்டிக்குக் காரை நிறுத்துபவர்கள் இந்தத் தேதி கார் தயாரான தேதிக்குச் சற்று முன்னால் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காருக்குப் பின்னால் பிறந்த ஜாக்கி அந்தக் காரோடு வந்திருக்க முடியாது, எளிய கணக்கு. விலை என்று பார்த்தால், முழு ஒரிஜினல் 356 பை பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. நல்ல ஓடும் பழைய கார் ஒன்றையே அந்தக் காசில் வாங்கலாம்.

911-ல் ஃபேன் புல்லியைப் பிடித்துக்கொள்ள என்றே ஒரு தனிச் சாவி பையில் இருக்கும். பீட்டிலின் வெட்டும் ஸ்க்ரூடிரைவரும் செய்த வேலையை இங்கே ஒரு தனி டூல் செய்கிறது. கார் விலை ஏறினால் டூலும் தனியாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3 அக்டோபர்

பென்ஸ் 300 எஸ்.எல். பற்றியும் ஒரு வரி. 1954-லிருந்து 1957 வரை செய்த, கதவு மேலே தூக்கும் கூப்பே. மொத்தம் 1,400 கார்கள்தான். அதில் விருப்பத் தேர்வாக வந்த ருட்ஜ் சக்கரங்களுக்கு நடுவில் ஒரே பெரிய நட்டு, அதைத் தட்டித் திறக்க மிருதுவான உலோகத் தலை வைத்த சுத்தியல் வேண்டும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் நட்டு கெட்டுவிடும். சாதாரணச் சக்கரம் போட்ட காரில் அந்தச் சுத்தியல் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும், ருட்ஜ் சக்கரம் போட்ட காரில் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டும். பையைச் சரிபார்ப்பது என்றால் பட்டியலை மனப்பாடம் செய்வது போதாது. இந்தக் காரில் என்ன பொருத்தியிருக்கிறது, அதற்கு என்ன தேவை என்று பார்ப்பதுதான் முறை.

14 அக்டோபர்

மன்ஹைம் வெட்டராமா சந்தைக்குப் போய் வந்தேன். மைதானம் முழுக்கப் பழைய சாமான். கால் ஓய்ந்தது, மனசு நிறைந்தது.

பார்த்ததைச் சொல்கிறேன். "முழு செட்" என்று தைத்த புதுப் பையில் அடுக்கி வைத்திருந்ததில் பாதிக்கு மேல் வெவ்வேறு காலத்து டூல்கள். தனித்தனியாகத் துருப்பிடித்த டப்பாவில் கொட்டி வைத்திருந்ததில்தான் நல்லது கிடைத்தது. ஒரு முதியவரின் மேஜைக்கு அடியில் இருந்த வாளியிலிருந்து 9 வாய் உள்ள டி.ஐ.என். 895 ஸ்பேனர் எடுத்தேன், காபி விலைதான் ஆனது. இளம் சேகரிப்பாளர் ஒருவர் வெவ்வேறு காலத்து பில்ஷ்டைன் ஜாக்கிகள் மூன்றை வாங்கி முடித்துவிட்டார், கார் மட்டும் இன்னும் வாங்கவில்லை. அவர் ஜாக்கிகளைக் காட்டிய விதத்தைப் பார்த்தால் கார் கண்டிப்பாக வந்துவிடும் என்று தோன்றியது.

என் முடிவான கருத்தும் அங்கேதான் உறுதிப்பட்டது. புதிதாகச் செய்த நகல் செட்டை மொத்தமாக வாங்கிக் காரில் வைப்பதைவிட, அந்தக் காலத்து டூல்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த பை மேல். வருடம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை, வாயின் அளவு சரியாக இருக்க வேண்டும், வேலை செய்ய வேண்டும். நகல் செட்டில் சில ஸ்பேனர்கள் ஒரு முறை அழுத்தினாலே வாய் விரிந்துவிடுகின்றன. நட்டின் முனை தேய்ந்தால் இழப்பு காருக்கு.

15 அக்டோபர்

"போட்டிக்கு வைப்பவர்கள் என்ன செய்வார்கள், அவர்களுக்கு எல்லாம் ஒரே தேதியில் வேண்டாமா?" சரி, அது நியாயமான கேள்வி. கண்காட்சி மைதானத்தில் நிற்பதற்காகவே ஒரு கார் இருக்கிறது என்றால் தேதி பார்த்துச் சேர்க்கத்தான் வேண்டும், அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். நான் சொன்னது ஓடும் கார்களுக்கு. கண்காட்சிப் பையைப் பிரிக்காமல் வீட்டில் வைத்துவிட்டு, சாலையில் போகும்போது வேறு பை எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஒரு வழி.

26 அக்டோபர்

பி.எம்.டபிள்யூ.காரர்கள் "எங்களை மறந்துவிட்டீர்கள்" என்கிறார்கள். மறக்கவில்லை. டிக்கி மூடியின் உட்புறத்தில் ஒரு தட்டு, திருகைத் திருப்பினால் கீழே இறங்கும், உள்ளே ஒவ்வொரு டூலுக்கும் அதன் வடிவிலேயே பள்ளம். 3.0 சி.எஸ்.ஐ. மாடல் காலத்திலிருந்து இ30 மாடல் வரையும் அதற்குப் பிறகும் இதுதான் அவர்கள் வழக்கம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. பையில் சுருட்டி வைத்தால் ஒன்று குறைந்தால் தெரியாது. இங்கே தட்டை இறக்கியதுமே காலிப் பள்ளம் காட்டிக்கொடுத்துவிடும். நிமிர்ந்து நின்றபடியே எடுக்கலாம், டிக்கியில் பெட்டி படுக்கை நிறைந்திருந்தாலும் எதையும் இறக்க வேண்டாம்.

குறை ஒன்று உண்டு. அந்தப் பள்ளத்தில் இருக்கும் ஸ்பாஞ்சு வருடம் போகப்போகப் பொடியாகும், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், டூல் அடிப்பக்கமாகத் துருப்பிடிக்கும். மேலே பார்த்தால் புதிது மாதிரி இருக்கும். வாங்கும்போது ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.

அவர்களுடைய மோட்டார் சைக்கிளும் இதில் சேர்க்க வேண்டியது. 1969-ல் வந்த ஆர் 75/5 மாதிரியான வண்டிகளில் சீட்டுக்கு அடியில் துணிச் சுருளில் டூல்ஸ், காற்றடிக்கும் பம்பு, கை துடைக்கத் துண்டு. வால்வு இடைவெளியைக்கூட அந்த டூல்களை வைத்தே சரிசெய்யலாம். கார்களில் அவ்வளவு தாராளம் நான் பார்த்ததில்லை.

3 நவம்பர்

கிழக்கு ஜெர்மனியைப் பற்றிக் கேட்டவருக்கு. அவசியம் பேச வேண்டிய பகுதி அது. ட்ராபான்ட் 601, ட்ஸ்விக்காவில் செய்த கார், பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் இரண்டு சிலிண்டர் எஞ்சின். டாங்க் பானெட்டுக்கு அடியில், பெரும்பாலான கார்களில் அளவு முள் இல்லை, அதற்கு அளவுக் குச்சி ஒன்று காரோடு கொடுத்தார்கள். மேற்கில் போர்ஷே சீக்கிரமே கைவிட்ட குச்சி, கிழக்கில் பல வருடம் நீடித்தது.

ஆனால் ட்ராபான்ட்டில் கம்பெனி கொடுத்த டூலைவிடச் சொந்தக்காரர் சேர்த்ததுதான் அதிகம். கார் கைக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்கள், உதிரிபாகமும் சுலபமாகக் கிடைக்காது. கிடைத்தபோது பிளக், பெல்ட், பல்பு என்று வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். பழைய ட்ராபான்ட் ஒன்றின் டிக்கியில் அப்படிச் சேர்த்த ஒரு மரப்பெட்டி இருந்தால் அதை "ஒரிஜினல் இல்லை" என்று பிரித்துவிடாதீர்கள். வட்ட ஹாசெட் டப்பா விஷயத்தில் "ஃபேக்டரி இல்லை" என்று முதலில் கறாராகச் சொன்னேன். அது விலை பேசும்போது சொல்ல வேண்டிய வார்த்தை. காருக்குள் எது இருக்கலாம் என்று வரும்போது அந்தக் கறார் வேண்டாம். அன்றைய சொந்தக்காரர் தன் காசில் வாங்கிக் காரில் வைத்ததும் அந்தக் காரின் சரித்திரம்தான்.

9 நவம்பர்

பை ஏன் சுருங்கிக்கொண்டே போனது? பீட்டிலிலேயே பார்க்கலாம், 1970களில் வந்தவற்றில் 50களில் இருந்ததில் பாதிகூட இல்லை. பல காரணங்கள் சேர்ந்து வந்தன. அடிக்கடி சரிசெய்ய வேண்டிய இக்னிஷன் பாயின்ட் போய் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. பெல்ட் நீண்ட காலம் உழைத்தது. இன்னொன்று ஏ.டி.ஏ.சி. 1903-ல் தொடங்கிய வாகன ஓட்டிகள் சங்கம், 1954-ல் சாலையோர உதவிப் படையை அமைத்தது. முதலில் பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் வந்தார்கள், பிறகு மஞ்சள் பீட்டிலில். மஞ்சள் தேவதைகள் என்று ஜனங்கள் அழைக்கும் அளவுக்குப் பெயர் வாங்கினார்கள். கூப்பிட்டால் ஆள் வரும் என்றான பிறகு யார் கையை அழுக்காக்கிக்கொள்வார்கள்?

கம்பெனிகளைக் குறை சொல்ல முடியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, அவ்வளவுதான். சொந்தக்காரரை நம்பி ஒரு 14 ஸ்பேனரைக் கையில் கொடுத்த காலம் அது.

18 நவம்பர்

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். பீட்டிலை வாங்கிவிட்டார், வட்ட டப்பாவோடு. விலையும் படிந்திருக்கிறது, மகிழ்ச்சி. பை இல்லை, ஆனால் ஜாக்கி இருக்கிறதாம். "அதை வைத்துக் காரைத் தூக்கிப் பார்க்கட்டுமா" என்கிறார்.

இப்போதே தூக்காதீர்கள். பீட்டிலில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு ஜாக்கிக் குழாய், பக்கவாட்டில் கால் வைக்கும் பலகைக்கு அடியில். அது பற்ற வைத்திருக்கும் தகடு துருப்பிடித்திருந்தால் கார் மேலே போகாது, ஜாக்கிதான் காருக்குள் போகும். பழைய பென்ஸ் 123-லும் இதே கதை, அங்கே ரப்பர் மூடிக்குப் பின்னால் நாலு குழாய், மூடிக்குள் தண்ணீர் தங்கித் தங்கி அரித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் குழாயைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும், பொத்பொத்தென்று கேட்டால் வெல்டிங்காரரிடம் போங்கள். தகடு சரியாக இருந்தாலும் ஜாக்கியின் திருகில் பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கும், கழுவிப் புதிது வையுங்கள், அதன் அடித்தட்டுக்குக் கீழே ஒரு பலகை போடுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும்போது காருக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் வைத்த பிறகுதான்.

18 நவம்பர், இரவு

ஜாக்கியில் அடித்திருக்கும் தேதியைப் படம் எடுத்துப் போடுங்கள். கார் தயாரான தேதிக்குச் சற்று முன்னால் இருந்தால், அந்தக் காரோடு வந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. டப்பாவுக்குள் இருக்கும் ஸ்பேனர்களையும் எண் தெரியும்படி எடுங்கள், 14 வாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் என்னிடம் ஒன்று உபரியாக இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.